ஒளிக்கு முன் கணக்கு

(திருகோணமலையில், சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயப் பிரசங்கம் ஒன்றை எதிர்பார்த்து வந்திருக்கும் பெரியோர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் பேச வந்தது விளக்கைப் பற்றி. அதுவும் குத்துவிளக்கைப் பற்றியன்று. திருவிழாக் காலத்தில் கோயில் வாயிலிலும் வீதிப் பந்தலிலும் ஆயிரக் கணக்கில் எரிந்து, அணைந்து, ஓடி, நிறம் மாறிப் பிள்ளைகளை வாய் பிளந்து நிற்கவைக்கும் மின் சோடனையைப் பற்றி.

இதற்கும் நம் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களை நினைத்துப் பாருங்கள். வீதிதோறும் பந்தல், வாயில்தோறும் நிறைகுடம். அந்த இரவுகளில் விளக்குக் கட்டும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது? இளைஞர் தலையில்தான். ஏணியில் ஏறுகிறவனும் அவன். வயர் இழுக்கிறவனும் அவன். ஆகவே அவன் கையாளுவது எது, அது எப்படி வேலை செய்கிறது, எங்கே அது அவனையும் பிறரையும் கெடுக்கும் என்று அறிந்திருப்பது அவன் கடமை. அந்தக் கடமையில் நான் ஒருமுறை தவறினேன். அதை ஒளிக்காமல் சொல்லிவிடவே இன்று இந்த மேடைக்கு வந்தேன். அதற்கு முன் விஷயத்தைச் சிறிது விளக்க இடந்தாருங்கள்.

துறைமுகத்தில் வாழும் நமக்கு ஓடி மறையும் ஒளி புதியதன்று. ஃபவுல் முனையிலும் வட்டத் தீவிலும் கலங்கரை விளக்கங்கள் நிற்கின்றன. கலங்கரை விளக்கம் ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு தாளம் உண்டு. எத்தனை செக்கனுக்கு ஒருமுறை எரிகிறது, எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிப் பார்த்தே மாலுமி தான் எந்த முனைக்கு நேரே வருகிறான் என்று அறிகிறான். எரிவதும் அணைவதும் ஓர் ஒழுங்குக்குள் வந்தால், ஒளி பேசத் தொடங்கிவிடுகிறது. நம் மின் சோடனையின் அடிப்படையும் இவ்வளவே: எந்த விளக்கு, எந்தக் கணத்தில், எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்ற ஒழுங்கு.

அந்த ஒழுங்கை முற்காலத்தில் எப்படிக் காத்தார்கள்? கொழும்பில் புறக்கோட்டை, பொறளை, தொட்டலங்கை போன்ற இடங்களில் வெசாக் காலத்தில் எழும் தோரணங்களைப் பெரியவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். பல்லாயிரம் குமிழ்கள் அலையலையாக ஓடும். அந்த ஓட்டத்தின் இரகசியம் தோரணத்தின் பின்னால் இருக்கும் ஓர் உருளை. மரத்தால் கடைந்த உருளையின் மேல் செப்புத் தகடுகளை வெட்டிப் பதித்திருப்பார்கள். சிறிய மோட்டோர் ஒன்று அதை மெல்லச் சுழற்றும். உருளையைத் தொட்டபடி வரிசையாகச் செப்பு நாக்குகள். தகடு நாக்கின் கீழ் வரும்போது அந்த வரிசைக் குமிழ்கள் எரியும்; மரம் வரும்போது அணையும். உருளை ஒருமுறை சுற்றினால் ஒரு காட்சி முடியும். காட்சியை மாற்ற விரும்பினால் தகட்டைப் பெயர்த்து வேறு விதமாகப் பதிக்க வேண்டும்.

இதே கலை வங்காளத்தில் சந்தனநகர் என்னும் ஊரிலும் பெயர் பெற்றது. 1950 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த அந்த ஊரில், ஜகத்தாத்திரி பூசைக்கு வீதி முழுவதும் விளக்குச் சித்திரங்கள் எழும். ஸ்ரீதர் தாஸ் என்னும் கலைஞர் அக்கலையால் புகழ் பெற்றவர். அங்கும் சிறு குமிழ்களுக்கு நிறத்தாள் சுற்றி, உருளையால் ஓட்டினார்கள். பின்னர் அக்கலைஞர்களே எல்.ஈ.டி. விளக்குக்கு மாறினார்கள். கருவி மாறியது, கண் மாறவில்லை.

எல்.ஈ.டி. என்பதை நம் பாடநூல்கள் ஒளிகாலும் இருவாயி என்று கூறும். பார்வைக்குப் புலனாகும் சிவப்பு ஒளி தரும் இருவாயியை 1962இல் அமெரிக்காவில் நிக் ஹொலொனியாக் செய்து காட்டினார். பின்னர்ப் பச்சையும் வந்தது. ஆனால் பிரகாசமான நீலம் நெடுங்காலம் கிட்டவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை. சிவப்பும் பச்சையும் நீலமும் சேர்ந்தாலன்றோ எல்லா நிறமும் பிறக்கும்! யப்பானில் இசாமு அகசாக்கி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நக்கமுரா ஆகிய மூவரின் உழைப்பால் 1990களின் தொடக்கத்தில் அந்த நீலம் கைகூடியது. 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அம்மூவருக்கும் கிடைத்தது. இன்று நம் கடைத்தெருவில் சுருளாக வாங்கும் பட்டி விளக்குக்குப் பின்னால் இத்தனை பேருடைய பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

இப்போது அந்தப் பட்டியைச் சற்று உற்றுப் பார்ப்போம். பரவலாக வழங்குவது டபிள்யூ.எஸ். 2812பி என்னும் வகை. நகக்கண் அளவான ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று இருவாயிகளும், அவற்றை ஆளும் மிகச் சிறிய மின்சுற்றுத் துண்டு ஒன்றும் அடங்கியிருக்கின்றன. பட்டிக்கு மூன்று வழிகள் மட்டுமே உண்டு: 5 வோல்ற்று வழி ஒன்று, அது திரும்பும் வழி ஒன்று, கட்டளை செல்லும் வழி ஒன்று. முந்நூறு புள்ளிக்கும் ஒரே கட்டளை வழிதான்.

ஒரே வழியில் முந்நூறு பேருக்கு வெவ்வேறு கட்டளையை எப்படி அனுப்புவது? இங்கேதான் இந்தக் கருவியின் அழகு இருக்கிறது. ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 24 குறிகள் வேண்டும்; பச்சைக்கு 8, சிவப்புக்கு 8, நீலத்துக்கு 8. கட்டுப்படுத்தும் கருவி எல்லாப் புள்ளிகளுக்கும் உரிய குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிக்கொண்டே இருக்கும். முதலாவது புள்ளி தனக்கு வந்த முதல் 24 குறிகளை எடுத்துக்கொள்கிறது. அதன்பின் வருவதை எல்லாம் தொடாமல் அடுத்த புள்ளிக்குக் கொடுத்துவிடுகிறது. இரண்டாவதும் அப்படியே. கடைசிப் புள்ளிவரை இதே ஒழுக்கம். கோயில் பந்தியில் வாழையிலைப் பொட்டலம் கைமாறிச் செல்வதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல. குறிகள் வருவது சிறிது நேரம் நின்றவுடன், எல்லாப் புள்ளிகளும் தாம் பெற்றதைச் சேர்ந்து காட்டுகின்றன. அவ்வளவுதான்.

குறி என்பது என்ன? மின் ஏறி இறங்கும் ஒரு துடிப்பு. ஏறி நிற்கும் நேரம் கூடினால் ஒன்று, குறைந்தால் பூச்சியம். ஒரு குறிக்கு 1.25 மைக்குரோ செக்கன், அதாவது ஒரு செக்கனைப் பத்து இலட்சம் கூறாக்கி அதில் ஒன்றேகால் கூறு. இந்த நேரத்தைப் பிசகாமல் காக்கும் கருவியையே நுண்கட்டுப்படுத்தி என்கிறோம். கணிப்பொறி ஒன்றின் மூளையும் நினைவும் வாயில்களும் விரல்நுனி அளவான ஒரே துண்டில் அடங்கியது அது. 2005இல் இத்தாலியில் இவ்றேயா என்னும் ஊரில் மாணவர்க்கென உருவான ஆர்டுயினோப் பலகையால் இக்கருவி உலகெங்கும் இளைஞர் கைக்கு எட்டியது. பழைய உருளையின் வேலையை இப்போது அந்தத் துண்டுக்குள் எழுதிவைக்கும் நிரல் செய்கிறது. செப்புத் தகட்டைப் பெயர்க்க வேண்டியதில்லை. எழுத்தை மாற்றினால் காட்சி மாறும்.

இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில் இவ்வூர் இந்துக் கல்லூரியை நடத்திய சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். நரம்பின் நீளத்தையும் சுரத்தையும் கணக்கிட்டு ஆராய்ந்த அவருடைய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. பக்தியும் கணக்கும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. அந்தக் கணக்கை விட்டதுதான் நான் செய்த பிழை. அதை இனிச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோயில் திருவிழாவுக்கு ஓங்கார வடிவில் பெரிய மின் சோடனை ஒன்று செய்து தருவதாக நானே வலியச் சென்று ஏற்றுக்கொண்டேன். ஐந்து மீற்றர் நீளமான பட்டிகள் நான்கு. ஒரு பட்டிக்கு 300 புள்ளி. ஆக 1,200 புள்ளிகள். இரும்புக் குழாயால் சட்டம் அடித்து, அதன்மேல் பட்டிகளை வளைத்துக் கட்டினேன். எனக்கு நிரல் எழுதத் தெரியும் என்ற பெருமிதம் இருந்தது. மற்றவை எல்லாம் சில்லறை வேலை என்று எண்ணினேன்.

முதலாவது இடர் நினைவில் வந்தது. ஒரு புள்ளிக்கு மூன்று எண் என்றால் 1,200 புள்ளிக்கு 3,600. நான் வைத்திருந்த ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகையின் வேலை நினைவோ 2,048 எண்கள் கொள்ளும் அளவே. படி அரிசிக்குள் இரண்டு படி கொட்டினால் என்ன ஆகும்? ஓங்காரம் எரியவேயில்லை. நினைவு கூடிய ஈ.எஸ்.பி. 32 என்னும் பலகையை வருவித்தேன்.

இரண்டாவது இடர் கட்டளையில் வந்தது. அந்தப் புதிய பலகை 3.3 வோல்ற்றில் பேசுவது. 5 வோல்ற்றில் இயங்கும் பட்டியோ ஏறக்குறைய 3.5 வோல்ற்றுக்குக் குறைந்த குரலை நம்பக்கூடாத குரலாகக் கொள்வது. மேசையில் சரியாக எரிந்தது, சட்டத்தில் ஏற்றியதும் கண்ட நிறமெல்லாம் காட்டிக் கூத்தாடியது. இடையில் 74 எச்.சி.ரி. 245 போன்ற ஒரு துண்டை வைத்துக் குரலை 5 வோல்ற்றுக்கு உயர்த்த வேண்டும். கட்டளை வழியின் தொடக்கத்தில் 300 முதல் 500 ஓம் வரையான சிறு தடையி ஒன்றை இட வேண்டும். பலகையின் திரும்பு வழியையும் பட்டியின் திரும்பு வழியையும் ஒன்றாகக் கட்ட வேண்டும். இவற்றை எல்லாம் ஒரு கிழமை அலைந்த பிறகே கற்றேன்.

மூன்றாவது இடர் நேரத்தில். ஒரு புள்ளிக்கு 24 குறி, ஆகவே 30 மைக்குரோ செக்கன். 1,200 புள்ளியையும் ஒரே சங்கிலியாகத் தொடுத்தால் ஒரு காட்சியை அனுப்ப 36 மில்லி செக்கன் ஆகும். செக்கனுக்கு 27 காட்சி. மெல்ல ஓடும் ஒளிக்கு இது போதும். விரைந்து ஓடுவதற்குத் திக்கும். நான்கு பட்டிக்கும் நான்கு தனி வழி கொடுத்து ஒரே நேரத்தில் அனுப்பினால் 9 மில்லி செக்கனில் முடிந்துவிடும். எட்டு வழிகளில் ஒருங்கே அனுப்பக்கூடிய டீன்சி போன்ற பலகைகளும் உண்டு. பெரிய காட்சி செய்ய விரும்பும் இளைஞர்கள் இதை நினைவில் வையுங்கள்: நீளமான ஒரு சங்கிலியைவிடக் குறுகிய பல சங்கிலிகள் நல்லவை. சங்கிலியில் ஒரு புள்ளி பழுதானால் அதன்பின் உள்ளவற்றுக்குக் கட்டளை போகாது, அவை இருண்டுபோகும். சங்கிலி குறுகினால் இருளும் குறுகும்.

இம்மூன்று இடரையும் கடந்து விட்டேன் என்று மகிழ்ந்த வேளையில்தான் மின்னோட்டத்தின் கணக்கு என்னைப் பிடித்தது. ஒரு புள்ளியின் மூன்று இருவாயிகளும் முழு அளவில் எரிந்தால் ஏறக்குறைய 60 மில்லி அம்பியர் இழுக்கும். கேட்கச் சிறிது. 1,200ஆல் பெருக்குங்கள். 72 அம்பியர்! 5 வோல்ற்றில் 360 வாற்று. நான் வாங்கியிருந்ததோ 60 அம்பியர் தரும் மின்வழங்கி ஒன்று. அதையும் ஒரே முனையில் மட்டும் இணைத்திருந்தேன். வெள்ளை நிறம் கொடுத்தபோது ஓங்காரத்தின் தொடக்கம் வெள்ளையாகவும் நுனி செம்மையாகவும் எரிந்தது. பார்த்தவர்கள் அதை அழகு என்றார்கள்! அது அழகன்று, நோய். பட்டியில் உள்ள செப்பு மிக மெல்லியது; நெடுந்தூரம் செல்லச் செல்ல வோல்ற்றளவு வீழ்கிறது. நீலமும் பச்சையும் எரிய ஏறத்தாழ 3 வோல்ற்று வேண்டும். சிவப்புக்கு 2 போதும். ஆகவே கடைசியில் சிவப்பு ஒன்றே மிஞ்சுகிறது. வயரைத் தொட்டுப் பார்த்தால் சுட்டது. அதையும் நான் பொருட்படுத்தவில்லை.

திருவிழாவின் இரண்டாம் நாள். பிற்பகலில் மழை பெய்து புல் ஈரமாக இருந்தது. பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. பத்து வயதுப் பொடியன் ஒருவன் சட்டத்தின் குழாயைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். உடனே கையை உதறிவிட்டு, “அண்ணை, கை விறுவிறுக்குது” என்றான். நான் சிரித்தேன். “அது ஒன்றுமில்லையடா, தள்ளி நில்” என்று சொன்னேன். இதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அருகில் பெரியவர் ஒருவர் நின்றார். எங்கள் ஒழுங்கையில் இருந்தவர். உருளைக் காலத்தில் மின்வேலை செய்தவர். அவர் பேசாமல் சட்டைப் பையிலிருந்து ரெஸ்ரரை எடுத்து, மின்வழங்கியின் இரும்புக் கூட்டில் வைத்தார். ரெஸ்ரர் எரிந்தது. குழாயில் வைத்தார். அங்கும் எரிந்தது. நேரே போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். ஓங்காரம் அணைந்தது. சனம் எல்லாம் என்னைப் பார்த்தது. எனக்கு ரோசம் வந்தது. “ஐயா, இது 5 வோல்ற்றுத்தானே, ஆளை அடிக்காதே” என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. “தம்பி, பட்டிக்கு 5. பெட்டிக்கு 230. எர்த் வயர் எங்கே?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. இரண்டு முனைப் பிளக்கைப் போட்டு, எர்த் வயரை வெட்டி விட்டவன் நானே. “விளக்கு எரியாவிட்டால் நாளைக்குச் சனம் மறந்துபோகும். இந்தப் பிள்ளைக்கு ஒன்று நடந்தால் உன் ஆயுசுக்கும் மறக்கமாட்டாய்” என்றார்.

அவர் சொன்னதன் காரணத்தைப் பின்னர்ப் படித்தறிந்தேன். இவ்வகை மின்வழங்கிகளில் இரைச்சலை வடிக்கும் சிறு கொள்ளளவிகள் கூட்டோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அவ்வழியே வரும் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கூட்டிலேயே நிற்கும். தொட்டவன் கையில் விறுவிறுக்கும். அன்று அந்தப் பிள்ளை உணர்ந்தது அந்தக் கசிவாகவே இருக்க வேண்டும். அதே கூட்டுக்குள் 230 வோல்ற்று வயர் ஒன்றின் உறை தேய்ந்து இரும்பில் பட்டிருந்தால், ஈரப் புல்லில் நின்ற அந்தப் பிள்ளை விறுவிறுப்போடு தப்பியிருக்கமாட்டான். அவன் எனக்குச் சொன்னது எச்சரிக்கை. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

அன்பர்களே! திருவிழா வீதியில் மின்சாரம் என்ன செய்யும் என்பதை நாம் கேள்விப்படாதவர்கள் அல்லர். 2022 ஏப்ரல் 27ஆம் நாள் தஞ்சாவூருக்கு அருகே களிமேடு கிராமத்தில், தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டுப் பதினொருவர் மாண்டனர். அவர்களில் சிறுவர்களும் இருந்தனர். இறைவனைத் தரிசிக்க வந்தவர்கள் அவர்கள். அந்தச் செய்தியைப் படித்த பின்னரும் எர்த் வயரை வெட்டுகிறவன் பக்தியைப் பற்றிப் பேசத் தகுதியில்லாதவன்.

மூன்று இரவுகள் என் ஓங்காரம் இருளில் நின்றது. அந்தப் பெரியவர் என் அருகில் இருந்து எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டவைத்தார். நான்காம் நாள் மீண்டும் எரிந்தது. அவரிடமும் பின்னர் அனுபவத்திலும் கற்றவற்றை இச்சபையின் இளைஞர்களுக்கு ஒப்படைக்கிறேன்.

முதலில் காகிதத்தில் கணக்கு. புள்ளி எத்தனை, அம்பியர் எத்தனை என்று எழுதிப் பெருக்காமல் ஒரு பட்டியையும் வாங்க வேண்டாம். மின்வழங்கியை அதன் எல்லைவரை வருத்தாமல் கால்பங்காவது மிச்சம் விடுங்கள். ஒரு பெரிய வழங்கியைவிடச் சிறிய சில வழங்கிகள் நல்லவை. அப்படிச் செய்யும்போது 5 வோல்ற்று வழிகளை ஒன்றோடொன்று சேர்க்காமல் பகுதி பகுதியாகப் பிரித்து, திரும்பு வழியை மட்டும் பொதுவாக வையுங்கள். ஒவ்வொரு பட்டிக்கும் இரு முனையிலும் மின்னூட்டுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பியூஸ் இடுங்கள். 5 வோல்ற்று ஆளைக் கொல்லாது என்பது உண்மையே. ஆனால் 60 அம்பியர் மெல்லிய வயரைப் பழுக்கவைக்கும். பந்தலில் இருப்பதோ காய்ந்த ஓலையும் துணியும்.

அடுத்தது 230 வோல்ற்றுப் பக்கம். மூன்று முனைப் பிளக், எர்த் வயர், 30 மில்லி அம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ட்ரிப் சுவிச். இம்மூன்றும் இல்லாத இடத்தில் சோடனை கட்டமாட்டோம் என்று சங்கம் தீர்மானம் செய்ய வேண்டும். மின்பிறப்பாக்கியில் இயக்கினாலும் அப்படியே. அந்தப் பக்கத்து வேலையைத் தகுதி பெற்ற மின்வேலைக்காரர் ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பின்னரே சுவிச்சைப் போட வேண்டும்.

மூன்றாவது நம் ஊர்க் காற்று. முப்புறமும் கடல் சூழ்ந்த ஊர் நம்முடையது. உப்புக்காற்று பட்டால் செப்பு பச்சை பூக்கும்; இணைப்பு தளரும்; தளர்ந்த இணைப்பு சூடேறும். திருவெம்பாவைக் காலமோ வாடைக்காற்று மழைக்காலம். எனவே ஈயம் வைத்துப் பற்றவைத்த இணைப்புகளை உறையிட்டு மூடுங்கள். மின்வழங்கியை மழை படாத, காற்றோட்டமுள்ள பெட்டியில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். திருவிழா முடிந்ததும் பட்டியை உப்புப் போகத் துடைத்துக் காயவைத்துச் சுருட்டுங்கள். அடுத்த ஆண்டும் உதவும்.

நான்காவது அளவு. நம் கண் ஒளியைத் தராசு போல நிறுப்பதில்லை. மின்னோட்டத்தைக் கால்பங்காகக் குறைத்தால் ஒளி கால்பங்காகக் குறைந்ததாகக் கண் கொள்வதில்லை. சற்றே தணிந்தது என்றுதான் கொள்ளும். என் ஓங்காரத்தை நிரலிலேயே கால்பங்குக்கு அடக்கினோம். 72 அம்பியர் 18 ஆயிற்று. பார்க்க வந்தவர்கள் முன்பைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார்கள். 2022 பங்குனியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. பழைய 15 வாற்றுக் குமிழ் ஆயிரம் எரித்தால் 15,000 வாற்று செல்லும். இன்று நூறு வாற்றுக்குள் அழகு காட்ட முடியும்போது, முடிகிறது என்பதற்காக அதை ஐந்நூறாக்குவது எதற்கு? மூலவரின் முன் எரியும் நெய்விளக்கு நம் சோடனையால் மங்கித் தோன்றினால் அந்தச் சோடனை தோற்றது என்று பொருள்.

ஐந்தாவது, துறைமுகத்தார் என்ற முறையில் நமக்கே உரிய கடமை ஒன்று. இரவில் கப்பல் கொண்டு வருகிறவனுக்குச் சிவப்பும் பச்சையும் சோடனை நிறங்கள் அல்ல. நம் நாட்டில் துறைமுகத்துள் நுழையும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்பது கடல் விதி. கப்பல்கள் தம் இடப்புறம் சிவப்பும் வலப்புறம் பச்சையும் ஏற்றுவதும் அவ்வாறே. கடலை நோக்கிய மேட்டிலோ கரையிலோ நாம் சிவப்பும் பச்சையும் மின்னவிட்டால், இருளில் வரும் தோணிக்காரனை அது தடுமாறவைக்கலாம். ஆகவே கடற்கரைச் சோடனைகளை நகரத்தை நோக்கித் திருப்புங்கள், கடற்புறத்தை மறையுங்கள். நம் கொண்டாட்டத்தின் ஒளி எவனுக்கும் வழிதவறும் ஒளியாகக் கூடாது.

பெரியோர்களே! இளைஞர்கள் கொம்பியூட்டரோடு கிடந்து வீண்பொழுது போக்குகிறார்கள் என்று சில வேளைகளில் குறைப்படுகிறீர்கள். அவர்களைத் திருவிழாச் சோடனைக்கு அழையுங்கள். ஆயத்தமான சோடனையை வெளியூரிலிருந்து வாடகைக்குக் கொண்டுவரும் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துப் பட்டியும் பலகையும் வாங்கச் சொல்லுங்கள். பெருக்கலும் மின்னியலும் நிரலும் கைவேலையும் அவர்களுக்கு ஒருங்கே வரும். முதல் ஆண்டு சிறிது பிசகும். பிசகட்டும். ஆனால் அந்தப் பிசகு மேசையில் நிகழட்டும், வீதியில் வேண்டாம். அதைப் பார்த்துக்கொள்ள, ரெஸ்ரர் வைத்த பெரியவர் ஒருவரை அவர்கள் அருகில் நிறுத்துங்கள்.

இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. மர உருளையும் செப்பு நாக்கும் பழங்கதை என்று அந்தத் தலைமுறையை ஒதுக்காதீர்கள். நிரல் அவர்களுக்குத் தெரியாதிருக்கலாம். மின்சாரத்துக்குப் பயப்படத் தெரியும். அந்தப் பயம் அறிவின் பாதி. நீங்கள் கற்றதைக் கொப்பி ஒன்றில் தமிழில் எழுதிச் சங்கத்தில் வையுங்கள்: எந்த வயர் எங்கே போனது, எது எரிந்துபோனது, ஏன் எரிந்துபோனது என்று. அடுத்த ஆண்டு வருகிறவன் உங்கள் பிழையை மீண்டும் செய்யாதிருப்பான்.

அந்தப் பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அவருடைய ரெஸ்ரர் என்னிடம் இருக்கிறது. அவர் வீட்டார் தந்தார்கள். ஒவ்வொரு திருவிழாவிலும் சுவிச்சைப் போடுமுன் அதைக் கையில் எடுத்துச் சட்டத்தைச் சுற்றி ஒருமுறை வருகிறேன். இந்த ஆண்டு அந்த வேலையை ஓர் இளைஞனிடம் கொடுக்க எண்ணியிருக்கிறேன். அன்று குழாயைப் பிடித்த அதே பொடியன். இப்போது உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிறான்.

பட்டியில் உள்ள அந்தச் சிறு புள்ளி தனக்குரிய இருபத்துநான்கு குறிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குக் கொடுக்கிறது என்றேன். அது கொடுக்க மறந்தால் அதற்கு அப்பால் எல்லாம் இருள். நானும் எனக்கு வந்ததை உங்களிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் அடுத்தவரிடம் கொடுங்கள்.